‘லாக் இன்’ என்பதைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி: பொருளும் பிறப்பும்

அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் ஒன்று: ‘ஐ ஆம் நாட் ஏபிள் டு லாகின்’. இன்னொன்று: ‘ஐ லாகின்டு அட் நைன்’. முதலாவதில் இருப்பது எழுத்துப் பிழை, இரண்டாவதில் இருப்பது இலக்கணப் பிழை. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தமிழில் பேசும்போது ‘லாகின் பண்ணு’, ‘லாகின் ஆகல’ என்கிறோம். அந்தச் சொல்லை ஒரே பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டு, வினைக்குரிய வேலையைப் ‘பண்ணு’, ‘ஆகு’ ஆகியவற்றிடம் விட்டுவிடுகிறோம். தமிழுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதே பெயர்ச்சொல்லை ஆங்கில வாக்கியத்துக்குள் வினையாக உட்காரவைக்கும்போதுதான் தடுக்குகிறது.

ஆங்கிலத்தில் வினையாக வரும்போது அது இரண்டு சொல். ‘லாக்’ என்பது வினை, ‘இன்’ என்பது அதன் துணைச்சொல். இப்படிச் சேர்ந்து வருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். இங்கே ‘லாக்’ என்றால் பதிவேட்டில் எழுதுவது. நுழைவது என்ற பொருள் அதற்குக் கிடையாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எங்கே இடைவெளி விடுவது, இறந்தகாலம் எப்படி வரும், ‘இன் டு’வா ‘இன்டு’வா என்பதெல்லாம் மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும். அதனால் பயன்பாட்டுக்கு முன் பிறப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

கடலில் வீசிய கட்டை

‘லாக்’ என்பதன் பழைய பொருள் மரக்கட்டை. அது பதிவேடாக மாறியது கப்பலில். நடுக்கடலில் கப்பல் என்ன வேகத்தில் போகிறது என்று அறிய, ஆங்கில மாலுமிகள் கயிற்றில் கட்டிய கட்டையைப் பின்பக்கத்திலிருந்து வீசினார்கள். கட்டை தண்ணீரில் ஏறக்குறைய வீசிய இடத்திலேயே நிற்கும், கப்பல் அதை விட்டு விலகிப் போகும். குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு கயிறு வெளியே ஓடியது என்பதுதான் வேகம். வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574-இல் அச்சிட்ட கப்பலோட்டும் கையேட்டில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது.

பின்னாளில் அந்தக் கட்டை கால்வட்ட வடிவப் பலகையாக, சுமார் 6 அங்குல ஆரம் உள்ளதாக, திருத்தமாகச் செய்யப்பட்டது. வளைந்த விளிம்பில் ஈயத்தகடு அடிப்பார்கள். அந்த எடையால் பலகை தண்ணீருக்குள் செங்குத்தாக நின்று இழுவைக்கு எதிர்ப்புக் கொடுக்கும். மூன்று மூலைகளிலிருந்தும் வரும் சிறுகயிறுகள் முதன்மைக் கயிற்றில் சேரும். அவற்றில் ஒன்று மட்டும் ஒரு மரமுளையால் செருகப்பட்டிருக்கும். அளந்து முடித்ததும் கயிற்றைச் சட்டென்று சுண்டினால் முளை கழன்றுவிடும். பலகை படுத்துக்கொள்ளும், மேலே இழுக்க எளிதாக இருக்கும். அந்த முளை இல்லாவிட்டால், ஓடும் கப்பலுக்குள் பலகையை இழுத்துப் போடுவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

வேலைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் கயிறு சுற்றிய உருளையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் மணல்கடிகாரத்தை வைத்திருப்பார், மூன்றாமவர் பலகையை வீசிக் கயிற்றைக் கையில் ஓடவிடுவார். முதல் சில பாகம் (ஒரு பாகம் என்பது ஆறடி) கயிறு கணக்கில் சேராது. கப்பல் கிளப்பும் சுழலைத் தாண்டிப் பலகை அமைதியான நீருக்குப் போகட்டும் என்று விடுவது அது. அதன் முடிவில் ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும். துணி கையைத் தாண்டும் கணத்தில் ‘திருப்பு’ என்று குரல் கொடுக்க, மணல்கடிகாரம் கவிழ்க்கப்படும். மணல் தீர்ந்ததும் ‘நிறுத்து’. அதற்குள் கயிற்றில் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியதோ அத்தனை ‘நாட்’ வேகம். கப்பலுக்கும் விமானத்துக்கும் இன்றும் ‘நாட்’ என்று வேகம் சொல்வது இந்த முடிச்சைத்தான். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

முடிச்சுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடவேண்டும்? பழைய ஆங்கிலக் கணக்கில் கடல்மைல் 6,080 அடி, ஒரு மணிக்கு 3,600 விநாடி. 28 விநாடி மணல்கடிகாரம் என்றால் 6,080-ஐ 3,600-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்க, ஏறத்தாழ 47 அடி 3 அங்குலம் வரும். இன்றைய அளவில் 14.4 மீட்டர். கப்பல் மிக வேகமாகப் போனால் 14 விநாடிக் கடிகாரத்தை எடுத்து, வந்த எண்ணை இரட்டித்துக்கொள்வார்கள்.

பிழைகள் நுழைந்த வழிகளும் தெளிவானவை. புதுக்கயிறு நனைந்தால் சுருங்கும். முடிச்சுகள் நெருங்கிவிடுவதால் வேகம் கூடுதலாகத் தெரியும். பழகிய கயிறு இழுபட்டு நீளும், அப்போது வேகம் குறைவாகத் தெரியும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து: கணக்குப்படி கரை இன்னும் தொலைவில் இருக்கும், கப்பலோ பாறைக்கு அருகில் போயிருக்கும். மணலில் ஈரம் ஏறினால் அது மெதுவாக வடியும், வேகம் கூடுதலாக வரும். அதனால்தான் கயிற்றை முதலில் நனைத்து இழுத்துவிட்டுப் பிறகு அளந்து முடிச்சிட்டார்கள், அவ்வப்போது மறுபடி அளந்தும் பார்த்தார்கள். ஆரம்பகால ஆங்கிலக் கப்பல்களில் 30 விநாடிக்கு 42 அடி என்று முடிச்சிட்டிருந்தார்கள். மைலை 5,000 அடி என்று எடுத்துக்கொண்டதால் வந்த அளவு அது. 1630-களில் ரிச்சர்ட் நோர்வுட் லண்டனிலிருந்து யார்க் வரை நிலத்தை அளந்து, கடல்மைல் 6,000 அடிக்கும் மேல் என்று காட்டினார். அதற்குப் பிறகும் பல மாலுமிகள் பழைய கயிற்றை விடவில்லை. அது வேகத்தைக் கூட்டியே காட்டும், கரை வருமுன்பே எச்சரிக்கையாகிவிடலாம் என்பது அவர்கள் நியாயம்.

கட்டையிலிருந்து ஏட்டுக்கு

அளந்த எண்ணை எங்கேயாவது எழுதவேண்டுமே. முதலில் சுண்ணக்கட்டியால் ஒரு பலகையில் எழுதினார்கள்: மணி, எத்தனை நாட், மேற்கொண்டு எத்தனை பாகம், கப்பல் போகும் திசை, காற்று. கடலில் கப்பலின் நாள் நண்பகலில் முடியும். அப்போது பலகையில் இருப்பதை ஏட்டுக்கு மாற்றுவார்கள். கட்டையின் கணக்கை எழுதிய ஏடு என்பதால் அது ‘லாக் புக்’. காலப்போக்கில் ‘புக்’ உதிர்ந்து ‘லாக்’ என்பதே ஏட்டின் பெயரானது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவே வினையாகவும் நடமாடத் தொடங்கியது: ‘டு லாக்’, ஏட்டில் எழுதுவது. வணிகக் கப்பல்களில் ஒரு மாலுமியை ‘லாக்’ செய்துவிட்டார்கள் என்றால், அவன் செய்த குற்றம் ஏட்டில் ஏறிவிட்டது, சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பொருள்.

இங்கே ஒரு தவறான ஊகத்தைத் தவிர்க்கவேண்டும். கப்பலில் ஏறுகிறவர்களின் பெயரை அந்த ஏட்டில் எழுதியதிலிருந்துதான் ‘லாக் இன்’ பிறந்தது என்று நினைக்கத் தோன்றும், பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் ஆள்கணக்கு லாக் புக்கில் எழுதப்படவில்லை. பிரிட்டிஷ் கடற்படையில் அதற்கென்று தனிப் பெயரேடு இருந்தது. லாக் புக் கப்பலின் ஓட்டத்துக்கான ஏடு. ‘இன்’ அதனுடன் சேர்ந்தது கப்பலில் அல்ல, கணினி அறையில்.

எம்ஐடி-யில் சேர்ந்த ‘இன்’

1960 வாக்கில் ஒரு கணினியை ஒரு நேரத்தில் ஒருவர் வேலைக்குத்தான் விடமுடியும். கணினி அறிஞர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அதை மாற்றியது. பல பேர் தட்டச்சு முனையங்களில் உட்கார்ந்து ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை 1961 நவம்பரில் இயக்கிக் காட்டினார்கள். சிடிஎஸ்எஸ் என்பது அதன் பெயர். கணினி நேரம் அப்போது மிக விலை உயர்ந்தது. யார் எப்போது வந்தார், எவ்வளவு நேரம் செலவழித்தார், எப்போது போனார் என்று கணக்கு வைத்தே தீரவேண்டும். 1963-இல் வெளிவந்த அதன் கையேட்டில் ‘லாகின்’, ‘லாகவுட்’ என்ற கட்டளைகள் உண்டு. பயனர் லாகின் என்று அடித்துத் தன் திட்ட எண்ணையும் பெயரையும் தருவார், கடவுச்சொல் கேட்கப்படும். முனையத்தில் தேதியும் நேரமும் அச்சாகும். வெளியேறும்போது செலவான கணினி நேரம் அச்சாகும். கப்பல் ஏட்டின் வேலையேதான். கப்பலுக்குப் பதில் ஆள்.

‘இன்’ அங்கே வந்தது இயல்பு. அலுவலகத்துக்கு வந்ததைக் குறிக்கும் ‘சைன் இன்’, ஆலையின் கடிகாரத்தில் அட்டையைச் செருகும் ‘க்ளாக் இன்’, விடுதியில் ‘செக் இன்’ என்று ஒரு குடும்பமே ஏற்கெனவே இருந்தது. இவை எல்லாவற்றிலும் ‘இன்’ சொல்வது ஒன்றுதான்: வந்திருக்கிறேன், எழுதிக்கொள். போகும்போது ‘அவுட்’.

இடைவெளி ஏன் காணாமல் போனது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கட்டளை ஒரே சொல்லாக இருக்கவேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் அடுத்து வருவதைக் கணினி பெயர் என்றோ எண் என்றோ எடுத்துக்கொள்ளும். ஒட்டி எழுதியது கணினியின் தேவை. ஆங்கில இலக்கணம் மாறிவிடவில்லை.

அந்த ஒட்டிய சொல்லுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1969 அக்டோபர் 29 இரவு, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் முதன்முதலாக அனுப்ப முயன்ற செய்தி அதுதான். லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து சார்லி க்ளைன் ஒவ்வொரு எழுத்தாக அடிக்க, எதிர்முனையில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பில் டுவால் பார்த்துக்கொண்டிருந்தார். வந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்கள். எல் வந்தது. ஓ வந்தது. ஜி-யில் எதிர்முனைக் கணினி முடங்கிவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுச்சொல் போய்ச் சேர்ந்தது.

இனி எழுதும் முறை

விதி ஒன்றுதான்: வினையா, பெயரா என்று பாருங்கள். யாரோ ஒருவர் செய்கிற செயல் என்றால் வினை, இடைவெளி விட்டு ‘லாக் இன்’. ஒரு பொருளின் பெயராகவோ இன்னொரு பெயருக்கு அடையாகவோ வந்தால் ஒட்டி ‘லாகின்’: லாகின் பேஜ், லாகின் ஐடி, ‘யுவர் லாகின் இஸ் எக்ஸ்பயர்டு’. சந்தேகம் வந்தால் வாக்கியத்தை நேற்றைக்கு மாற்றிப் பாருங்கள். ‘ப்ளீஸ் லாக் இன்’ நேற்று ‘ஐ லாக்டு இன்’ ஆகிறது. உருவம் மாறுகிறது, ஆகவே வினை. ‘லாகின் பேஜ்’ நேற்றும் லாகின் பேஜ்தான். இந்தச் சோதனை ‘சைன் அப்’, ‘பேக் அப்’, ‘செட் அப்’ எல்லாவற்றுக்கும் பொருந்தும். இவற்றில் எதையும் வினையாக ஒட்டி எழுதக்கூடாது.

காலம் காட்டும் விகுதி எப்போதும் ‘லாக்’மீதுதான் ஏறும்: லாக்ஸ் இன், லாக்டு இன், லாக்கிங் இன். ‘லாகின்டு’, ‘லாகினிங்’ என்று சொற்களே இல்லை. ‘லாக்டு’, ‘லாக்கிங்’ இரண்டிலும் ஜி எழுத்து இரட்டிக்கும், அதை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கிற நிலையைச் சொல்லவும் இதே உருவம்தான்: ‘ஐ ஆம் லாக்டு இன்’. ‘ஐ ஆம் லாகின்’ என்பது மிகப் பரவலான பிழை.

உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. பெயராக வரும்போது அழுத்தம் முதலில், ‘லாக்’மீது. வினையாக வரும்போது அழுத்தம் ‘இன்’னுக்குப் போகும். தொலைபேசியில் வாடிக்கையாளரிடம் பேசுகிறவர்கள் இதைக் கவனித்தால் பேச்சு உடனே தெளிவாகும்.

அடுத்தது ‘இன் டு’. எந்தத் தளத்துக்குள் என்று சொல்லவேண்டுமானால் ‘லாக் இன் டு த போர்ட்டல்’. ‘இன்’ வினையோடு சேர்ந்தது, ‘டு’ தளத்தைக் காட்டுவது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடுவது மிகக் கச்சிதம். ‘லாக் இன்டு’ என்று சேர்த்து எழுதுவதும் பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது, அதைத் திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் ‘லாகின் இன்டு’ தவறு, அதில் ‘இன்’ இரண்டு முறை வருகிறது. வெளியேறும்போது ‘லாக் அவுட் ஆஃப் த போர்ட்டல்’. ‘லாக் அவுட் ஃப்ரம்’ என்று நம் ஊரில் அதிகம் எழுதுகிறார்கள். பொருள் புரியும், ஆனாலும் ‘ஆஃப்’ இயல்பு. கடவுச்சொல்லைச் சொல்ல ‘வித்’, எந்தப் பெயரில் என்றால் ‘ஆஸ்’, எங்கிருந்து என்றால் ‘ஃப்ரம்’, எத்தனை மணிக்கு என்றால் ‘அட்’.

இன்னொருவரை உள்ளே அனுமதிக்கிற பொருளிலும் இந்த வினை வரும். அப்போது ‘அவரை’, ‘என்னை’ போன்ற சுட்டுப்பெயர் நடுவில்தான் உட்காரவேண்டும்: ‘லாக் ஹிம் இன்’, ‘இட் லாக்டு மீ அவுட்’. ‘லாக் இன் ஹிம்’ என்று சொல்லவே முடியாது. முழுப்பெயராக இருந்தாலும் நடுவில் வைப்பதே நல்லது: ‘த சிஸ்டம் லாக்ஸ் த யூஸர் அவுட் ஆஃப்டர் டென் மினிட்ஸ்’. ‘லாக்’கையும் ‘லாக்’கையும், அதாவது பூட்டையும் ஏட்டையும், நம் காது ஒன்றாகவே கேட்பதால் இங்கே ஒரு குழப்பம் வரும். கடவுச்சொல்லை மூன்று முறை தவறாக அடித்தால் கணக்கு முடக்கப்படுகிறதே, அது பூட்டு: கே எழுத்தில் முடியும் ‘லாக்டு அவுட்’. தானாக வெளியேற்றப்பட்டால் அது ஏடு: ஜி. உதவி மையத்துக்கு எழுதும்போது இந்த ஓர் எழுத்தை மாற்றிப்போட்டால் அவர்கள் வேறு கோளாறைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

‘இன்’ தேவைப்படாத இடங்களும் உண்டு. வேலைநேரத்தைப் பதிவது ‘லாக் எய்ட் அவர்ஸ்’, குறையைப் பதிவது ‘லாக் எ டிக்கெட்’. ‘லாக் இன் எய்ட் அவர்ஸ்’ என்று எழுதினால் பொருள் குழம்பும். காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதற்கு ‘லாட்ஜ் எ கம்ப்ளெய்ன்ட்’ என்பதுதான் வழக்கு. வாடிக்கையாளர் சேவைப் பணியாளர் அதைத் தன் கணினியில் ஏற்றுவது ‘லாக்’. ஒலி நெருக்கத்தால் இரண்டும் கலந்துபோகின்றன, பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘லாக் ஆன்’, ‘லாக் ஆஃப்’ முறையே ‘லாக் இன்’, ‘லாக் அவுட்’ போலவே பொருள்படும். ஜோடியை மட்டும் மாற்றாதீர்கள்: ‘இன்’னுக்கு ‘அவுட்’, ‘ஆன்’னுக்கு ‘ஆஃப்’. ‘ஐ ஆம் லாகிங் ஆஃப் ஃபார் த டே’ என்றால் இன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். கணினிக்கு வெகுமுன்பே, மரங்களை முழுக்க வெட்டி எடுத்த காட்டுநிலத்தை அமெரிக்காவில் ‘லாக்டு ஆஃப்’ நிலம் என்றார்கள். அங்கே ‘லாக்’ ஏடல்ல, கட்டையேதான். பழைய ஆங்கில அறிக்கைகளைப் படிக்கிறவர்கள் இதில் தடுமாறவேண்டாம்.

செயலி, தளம் வடிவமைப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. ‘சைன் இன்’, ‘சைன் அப்’ இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பொத்தானாக வைத்தால் பலர் தவறான பொத்தானை அழுத்துவார்கள். முன்பாதி ஒன்றாக இருப்பதால் கண் ஏமாறுகிறது. ‘லாக் இன்’, ‘சைன் அப்’ என்று வைப்பது தெளிவு. மைக்ரோசாஃப்ட் தன் எழுத்து வழிகாட்டியில் ‘சைன் இன்’னையே பரிந்துரைக்கிறது. அதைப் பின்பற்றினால் எதிர்ப்பொத்தானுக்கு ‘கிரியேட் அக்கவுன்ட்’ என்று வைத்துவிடுங்கள். தமிழ் இடைமுகமென்றால் ‘உள்நுழை’ பரவலாகிவிட்டது. தமிழ் விக்கிப்பீடியா ‘புகுபதிகை’, ‘விடுபதிகை’ என்று எழுதுகிறது. பழகச் சற்று நேரமெடுக்கும், ஆனால் ஏட்டில் பதிவதை விட்டுவிடாத சொல் அதுதான்.

அந்த ஏட்டை நேரில் பார்க்க ஆசையிருந்தால், லினக்ஸ் கணினியில் முனையத்தைத் திறந்து ‘லாஸ்ட்’ என்ற நான்கெழுத்துக் கட்டளையை அடியுங்கள். பல கணினிகளில் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் பயனர் பெயர், எந்த முனையம், எங்கிருந்து, உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம், அடைப்புக்குறிக்குள் மொத்த நேரம் என்று வரும். இன்னும் வெளியேறாதவர் வரியில் ‘ஸ்டில் லாக்டு இன்’ என்றிருக்கும். உங்களுக்குத் தெரியாத பெயரோ முகவரியோ அதில் இருந்தால் கடவுச்சொல்லை அப்போதே மாற்றிவிடுங்கள்.